திங்கட்கிழமைச் சான்றிதழ்கள்

கொங்கு வட்டாரத்தில், நூற்பாலைகள் நிறைந்த ஓர் ஊரில், தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான ஈஎஸ்ஐயின் கிளை அலுவலகத்தில் பல வருடம் உதவித்தொகைப் பிரிவில் இருந்தேன். நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குத் தரும் பணத்தை நோய்க்கால உதவித்தொகை என்று தாளில் எழுதுவோம். ஜனங்களுக்கு அது ஈஎஸ்ஐ காசு. செலவுக் கணக்கு முடிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எழும்: போன வருடத்தைவிட ஏன் கூடியிருக்கிறது?

கேட்க வேண்டிய கேள்விதான். தொழிலாளியும் முதலாளியும் கட்டிய பணம் அது. ஆனால் கேட்ட மாத்திரத்தில் பலருக்கும் பொய் மருத்துவச் சான்றிதழ்தான் நினைவுக்கு வரும். நான் ரூபாயை ஒதுக்கிவிட்டு முதலில் நாட்களைக் கூட்டிப் பார்ப்பேன். 2017 ஜனவரியில் ஈஎஸ்ஐயில் சேர்வதற்கான மாதச் சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாயிலிருந்து 21,000 ஆனது. சராசரி நாள் சம்பளத்தில் 70 சதவீதம் தருகிறோம். 15,000 வாங்கியவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 350 ரூபாய் என்றால், 21,000 வாங்குபவருக்கு 490. அதே காய்ச்சல், அதே நாட்கள். யாரும் ஏமாற்றாமலே செலவு ஏறிவிடும்.

பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் சான்றிதழ் வாங்குகிறவர்கள் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் முதல் இரண்டு நாளுக்குக் காசு கிடையாது. நான்கு நாள் படுத்தவருக்கு இரண்டு நாளுக்குத்தான் வரும், அதுவும் 70 சதவீதம். வீட்டு வாடகை கட்டுகிறவர் இதை நம்பிச் சும்மா படுப்பாரா?

ஒருவரை மறக்க முடியாது. ஒரு மில்லில், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். திங்கள், செவ்வாய் என்று சான்றிதழ் வரும். அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ மறுபடி திங்கள். பழைய நோய் முடிந்து 15 நாளுக்குள் திரும்பவும் படுத்தால் அந்த இரண்டு நாள் கழிவும் இல்லை. "ரூல் தெரிஞ்சு ஆடறாருங்க, ஞாயித்துக்கிழமையை நீட்டிக்கிறாரு" என்று மில் நிர்வாகத்திலிருந்து நேரிலேயே வந்து சொன்னார்கள். தாளை மட்டும் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

சான்றிதழ் சரிதானா என்று மறுபடி சோதித்துச் சொல்லும் டாக்டரான மருத்துவ நடுவரிடம் அவரை அனுப்பினோம். நடுவர் ஸ்டெதஸ்கோப்பை எடுக்கும் முன்பே கேட்டது, "எந்த டிபார்ட்மென்ட்ல இருக்கீங்க?" அந்த மனிதர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "லீவு முடிஞ்சு உள்ள போனாத்தானுங்க சார் நெஞ்சைப் புடிச்சு அடைக்குது. புதன், வியாழன் ஆனா கொஞ்சம் தேவலைங்க."

பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோயின் குணமே அதுதான். வார விடுமுறைக்குப் பின் முதல் நாள் நெஞ்சு இறுகும், பிறகு தளரும். முற்றினால் எல்லா நாளும் இறுகும். ஏமாற்றுக்கு அத்தாட்சி என்று மில்லில் காட்டிய அந்தத் திங்கட்கிழமைதான் நோய்க்கும் அத்தாட்சி.

இன்னொன்றும் உண்டு. சட்டப்படி பிசினோசிஸ் தொழில்வழி நோய், அதாவது வேலையால் வந்த நோய். அப்படி முடிவானால் வேலை செய்ய முடியாத நாட்களுக்கு 90 சதவீதம் கிடைக்கும். நோய்க்கால உதவிக்கு உள்ள வருடத்துக்கு 91 நாள் என்ற வரம்பும் இல்லை. முடிவாகாதவரை அவர் சாதாரண நோயாளி. ஆலைத் தூசியின் செலவு, நோய்க்காலக் கணக்கில் வந்து விழுந்துகொண்டே இருக்கும். அந்தத் தொகை ஏறுகிறதே என்று தொழிலாளியை முறைப்பதில் என்ன இருக்கிறது? அவரை மருத்துவக் குழுவுக்கு அனுப்ப நடுவர் எழுதினார்.

அதன் பிறகு அடிக்கடி சான்றிதழ் வருகிறவர்களின் தாளில், எந்த ஆலை என்பதோடு எந்தப் பிரிவு என்பதையும் பென்சிலால் குறித்து வைக்க ஆரம்பித்தேன். கார்டிங், பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூம் என்ற இரண்டு பெயர்களும் திரும்பத் திரும்ப வந்தன. அந்தத் தாள்களைத் தனிக் கட்டாகக் கட்டி, அடுத்த முறை நடுவர் வந்தபோது முதலில் அதைத்தான் அவர் மேஜையில் வைத்தேன்.