ஜூன் மாதப் பாட்டுக் குறிப்புகள்

ஜூன் 2, திங்கள்

இளையராஜா பிறந்தநாள் கொண்டாடும் நாள். எங்கே திருப்பினாலும் அவர் பாட்டுதான். ஆனால் பெரும்பாலோர் கேட்பது கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில். அதில் ராஜா பாட்டின் பாதி வராது. கீழ்ச் சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது; கைபேசி ஸ்பீக்கர் அந்தப் பக்கமே போவதில்லை. மேல் அதிர்வுகளை வைத்து நம் காதே மீதியை நிரப்பிக்கொள்கிறது.

1978 முதல் 1984 வரை வந்த ராஜா பாட்டுகளை மற்ற எதற்கும் மேலாக வைக்கிறேன். காரணம் மெட்டு மட்டுமல்ல. அந்தப் பாட்டுகளில் பேஸ் தாளத்துக்கு ஒத்து ஊதிக்கொண்டு நிற்காது. பாடகருக்குக் கீழே இன்னொரு பாட்டைப் பாடிக்கொண்டு போகும். ‘இளைய நிலா’வில் (பயணங்கள் முடிவதில்லை, 1982) ஆர். சந்திரசேகரின் கிட்டாரை எல்லோரும் கொண்டாடுகிறார்கள், தகும். அடுத்த முறை அதை விட்டுவிட்டு, பல்லவி தொடங்கியதும் அதன் அடியில் பேஸ் எங்கெங்கே நகர்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

தனியாகக் கேட்க ஒரு வழி: பாட்டை ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்தச் செயலியில் திறந்து லோ-பாஸ் ஃபில்டரை (மேல் ஒலிகளை வெட்டும் வடிகட்டி) 300 ஹெர்ட்ஸில் போட வேண்டும். பிறகு சேஞ்ச் பிட்ச்சில் 12 செமிடோன் (அரைச் சுரம்) ஏற்றினால் பேஸ் ஒரு ஸ்தாயி மேலே வந்து, தனி மெட்டாகவே காதில் விழும். ஓட்டம் வேகமாக இருந்தால் டெம்போவை 25 சதவீதம் குறைக்கலாம். தபேலாவின் இடது கையும் பேஸ் டிரம்மும் அதே பகுதியில்தான் இருக்கின்றன, அவையும் கூடவே வரும். சுரம் இருப்பது பேஸ், முட்டு மட்டும் கேட்பது டிரம் என்று பிரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஜூன் 4, புதன்

எஸ்.பி.பி. பிறந்தநாள். அவர் பாடியதில் ஒன்றே ஒன்று என்றால் ‘பனிவிழும் மலர்வனம்’ (நினைவெல்லாம் நித்யா, 1982).

ராகம் சலநாட்டை, மேளம் எனும் தாய் ராகங்களில் 36ஆவது. ரி, க, ம மூன்றும் அடுத்தடுத்த அரைச் சுரங்களில் நெருக்கியடித்து நிற்கும். த, நி, மேல் ச மூன்றும் அப்படியே. மேற்கத்திய முறையில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) போடுகிறவருக்கு இது பெரிய தொல்லை. சட்ஜத்தில் மேஜர் கார்டு கிடைக்கும். மத்யமத்தில் கட்டப் போனால் சதுஸ்ருதி தைவதம் (இந்த ராகத்தின் த-வுக்கு அரைச் சுரம் கீழே) வேண்டும், ராகத்தில் இல்லை. பஞ்சமத்தில் கட்ட சதுஸ்ருதி ரிஷபம் (இந்த ராகத்தின் ரி-க்கு அரைச் சுரம் கீழே) வேண்டும், அதுவும் இல்லை. மெல்லிசைக்குச் சோறு போடும் மூன்று கார்டில் இரண்டு போயே போச்சு.

இவ்வளவு முரட்டு ராகத்தை ஒரு காதல் பாட்டில் வைத்து, கேட்கிறவருக்கு அந்த நெருக்கடியே தெரியாமல் செய்திருக்கிறார்கள். எஸ்.பி.பி. அந்த அரைச் சுரங்களைக் கமகம் போட்டு (அசைத்துப் பாடி) மழுப்பாமல், ஒவ்வொன்றையும் நேராகத் தொட்டுவிட்டுப் போகிறார். கீபோர்டில் ச, ரி3, க3 (இந்த ராகத்தின் ரி, க) மூன்றையும் வாசித்துவிட்டு அதே சுருதியில் பாடிப் பார்த்தால் அது எவ்வளவு கடினம் என்று தெரியும். பெரும்பாலோருக்கு ரிஷபம் கீழே சரிந்துவிடும்.

ஜூன் 8, ஞாயிறு

இசைத்தட்டைக் கணினிக்கு மாற்றுகிறவர்களுக்கு.

முதலில் வேகம். டர்ன்டேபிளின் ரப்பர் பெல்ட் தளர்ந்தால் வேகம் மாறும். 3 சதவீதம் மாறினாலே சுருதி கால் தொனி, அதாவது அரைச் சுரத்தில் பாதி, நகர்ந்துவிடும். ஸ்வரப்படுத்த உட்கார்கிறவருக்கு எந்தக் கட்டையிலும் (ஆதார சுருதியிலும்) பாட்டு சேராது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற வேகத்துக்கு 180 கோடுகள் உள்ள ஸ்ட்ரோப் தட்டை வைத்து, நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் விளக்கின் கீழ் பார்க்க வேண்டும். கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் சரி. எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் இது பலிக்காது, அவை மின்சாரத்தோடு சேர்ந்து துடிப்பதில்லை. பழைய குண்டு பல்பு ஒன்றை இதற்காகவே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஃபோனோ ப்ரீஆம்ப். தட்டு வெட்டும்போது கீழ்ஸ்தாயியைக் குறைத்து மேல்ஸ்தாயியை ஏற்றித்தான் வெட்டுகிறார்கள். அதைத் திருப்பிச் சரிசெய்வது ப்ரீஆம்ப்பின் வேலை. அது இல்லாமல் நேராகக் கணினியின் லைன்-இன் துளையில் செருகினால் பேஸே இல்லாமல் கீச்சென்று கேட்கும். ‘ரெக்கார்டில் பேஸ் கம்மி’ என்ற குறை பல நேரம் இதனால் வருவது.

பதிவு 24 பிட். உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் இருந்தால் போதும். ஒரு கீறலின் சத்தம் பாட்டை விடப் பெரிதாக எகிறும், அதற்கு இடம் விட வேண்டும்.

ஜூன் 9, திங்கள்

நேற்று விட்டுப்போனது. எல்.பி.யில் (33⅓ சுற்றுப் பெரிய தட்டு) ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டு மங்கலாகக் கேட்டால் ஊசியைக் குறை சொல்லாதீர்கள். வெளி வளையத்தில் பள்ளம் ஊசிக்குக் கீழே நொடிக்கு சுமார் 50 செ.மீ. ஓடுகிறது, உள் வளையத்தில் 21 செ.மீ.தான். ‘ஸ’ ஒலிகள் அங்கேதான் முதலில் உடையும். அதே பாட்டு 45 சுற்று இ.பி.யில் (சிறிய தட்டு) கிடைத்தால் அதையும் பதிந்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்கத்தில் இரண்டு பாட்டுகளை நெருக்கிய இ.பி. என்றால் சத்தம் குறைவாக வெட்டியிருப்பார்கள், இரைச்சல் கூடத் தெரியும்.

ஜூன் 14, சனி

‘ரீமாஸ்டர்’ (பழைய பதிவை மெருகேற்றியது) என்ற முத்திரையை நான் நம்புவதில்லை, காதை நம்புகிறேன். ஆனால் காதும் ஏமாறும்: ஒரு டெசிபெல் சத்தம் கூடினாலே அது நல்ல பதிவாகத் தோன்றும். அதனால் தட்டிலிருந்து எடுத்த பதிவையும் புதிய பதிப்பையும் சத்தத்தைச் சமப்படுத்தும் லவுட்னஸ் நார்மலைசேஷனில் மைனஸ் 20 எல்.யு.எஃப்.எஸ். (காது உணரும் சத்தத்தின் அலகு) அளவுக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும். அப்போது அலைவடிவத்தில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பழையதில் தபேலாவின் முதல் அடி ஊசிபோல் நிமிர்ந்து நிற்கும். சத்தம் கூட்டுவதற்காக அழுத்திய பதிப்பில் எல்லா அடியும் ஒரே உயரத்தில் மழித்துவிட்டதுபோல் இருக்கும்.

இதில் பலியாவது இடையிசை. வயலின்கள் மெல்ல ஆரம்பித்து ஏறுவதற்காக எழுதிய இடம் தொடக்கத்திலேயே உரத்துக் கேட்டால் ஏறுவதற்கு மீதி எங்கே? ‘பூங்கதவே தாழ் திறவாய்’ (நிழல்கள், 1980) போன்ற பாட்டுக்கு இதைச் செய்வது அநியாயம்.

ஜூன் 15, ஞாயிறு

‘என் கண்மணி’ (சிட்டுக்குருவி, 1978). எஸ்.பி.பி., சுசீலா. ஒரு வரி முடியும் முன்பே அதன்மேல் இன்னொரு வரி ஏறி ஓடுகிறது. இரண்டுமே முழு வரிகள், எதுவும் எதற்கும் பின்பாட்டு இல்லை. நடுவில் பேருந்து நடத்துநர் தேனாம்பேட்டை சூப்பர் மார்க்கெட்டுக்கு ஆள் இறக்குகிறார்! ஏதாவது ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசிவரை கூடவே பாடிப் பாருங்கள். மற்ற வரி இழுத்துக்கொண்டு போகாமல் தாக்குப்பிடிப்பது சுலபமில்லை.

ஜூன் 20, வெள்ளி

‘ரோஜா’ (1992) வந்தபோது மாறியது வாத்தியங்கள் மட்டுமல்ல, வாத்தியங்களுக்கு நடுவே இருந்த இடைவெளியும். ரஹ்மான் குறைவாக வைத்தார், வைத்தது துல்லியமாகக் கேட்டது. பின்னாளில் அவருடைய பாட்டுகளில் கீத் பீட்டர்ஸின் பேஸ் வரும்போது எனக்குப் பழைய மகிழ்ச்சி அப்படியே திரும்புகிறது.

இப்போதைய பாட்டுகளில் பலவற்றில் கிக்கும் (பேஸ் டிரம்) பேஸும் 50, 60 ஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. அதிர்வு இருக்கிறது, சுரம் இல்லை. ஈக்யூவில் (ஒலிப்பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைப்பது) பேஸை ஏற்றினால் குழப்பம்தான் கூடும். 60க்குக் கீழே 3 டெசிபெல் குறைத்தால், பேஸுக்கு வரி என்று ஒன்று எழுதியிருந்தால் அது வெளியே வரும். எழுதாவிட்டால் எந்தக் குமிழைத் திருகியும் வராது.

ஜூன் 24, செவ்வாய்

கண்ணதாசனுக்கும் எம்.எஸ்.வி.க்கும் ஒரே பிறந்தநாள்: 1927, 1928. இன்று இருவரும் சேர்ந்த ‘புதிய பறவை’ (1964) மட்டும் போதும்.

அது மோனோ, இடது வலது என்று பிரிக்காத ஒற்றைப் பதிவு. பாடகரும் வாத்தியக் குழுவும் சேர்ந்தே பாடி வாசித்துப் பதிந்த காலம். யார் மைக்குக்கு எவ்வளவு தள்ளி நின்றார் என்பதே சமநிலை. ‘எங்கே நிம்மதி’யில் அவ்வளவு பெரிய வயலின் படையும் கோரஸும் டி.எம்.எஸ்.ஸின் குரலை மூடாமல் பின்னால் நிற்பது அந்தக் கணக்கால்தான். அதைப் பிற்பாடு ஸ்டீரியோவாக நீட்டிய பதிப்புகளில் குரல் நடுவில் நிற்காமல் அலைகிறது.

கையில் இருப்பது அசல் மோனோவா என்று பார்க்க: ஸ்டீரியோ டிராக்கை இரண்டு மோனோவாகப் பிரித்து, ஒன்றின் அலையை இன்வெர்ட் செய்து (தலைகீழாக்கி), இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். அசல் மோனோ என்றால் பாட்டு மறைந்து கீறல் சத்தம் மட்டும் மிஞ்சும். பாட்டின் சாயல் கலங்கலாகக் கேட்டால் அது நீட்டிய பதிப்பு. அதைத் திரும்ப மோனோவாகக் கலக்கக் கூடாது: இடது, வலது பக்கங்களில் ஒன்றைச் சற்றுத் தாமதப்படுத்தியிருந்தால் சில சுரங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். குரல் தெளிவாக உள்ள ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அசல் மோனோ தட்டையே பதிகிறவர்கள் இடது, வலது இரண்டையும் கூட்டி ஒன்றாக்குங்கள். மோனோ பள்ளத்தில் இசை பக்கவாட்டில்தான் இருக்கிறது. மேல்கீழ் அசைவு எல்லாம் தூசியும் தேய்மானமும். கூட்டினால் அது கழிந்து போகும். 78 சுற்றுத் தட்டு என்றால் ஊசியும் வேறு, முனை சுமார் 75 மைக்ரான். அந்தத் தட்டைச் ஸ்பிரிட்டால் துடைக்கவே கூடாது. அது அரக்கு, கரைந்துவிடும். வடித்த நீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு, லேபிளில் படாமல் துடைத்து, உடனே உலர்த்த வேண்டும்.