பின்சீட்டில் ஒரு ஷூ

2025 ஜனவரி 15, புதன். டர்பன்.

பெரியவனுக்கு இன்று பள்ளி முதல் நாள். கிரேடு ஒன். புதுச் சீருடையில் எடுத்த படம் குடும்ப வாட்ஸாப்புக்குப் போயாயிற்று. காலையிலிருந்தே வெயில். டர்பன் வெயில் எங்கள் திருவாரூர் வெயில் போலச் சுடாது, ஈரச் சாக்கைப் போட்டு மூடியது போல இருக்கும்.

குட்டி நன்றாக இருக்கிறாள். இரவு மூன்று முறை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 16, வியாழன்

குட்டி நன்றாக இருக்கிறாள்.

ஜனவரி 19, ஞாயிறு

நேற்று இரவு மனைவியிடம் சொல்லிவிட்டேன். இனி இங்கேயும் எழுதலாம்.

வழக்கமாகக் குட்டியை டேமதர் (பகலில் தன் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற அம்மா) வீட்டில் விடுவது அவள் வேலை. புதன்கிழமை பெரியவனோடு அவள் பள்ளிக்குப் போனதால், குழந்தை சீட்டைக் கழற்றி என் காரில் கட்டினோம். ஒன்பது மாதக் குழந்தை, அதனால் பின்பக்கம் பார்த்த சீட். ஓட்டுகிற இடத்திலிருந்து திரும்பினால் சீட்டின் முதுகுதான் தெரியும். உள்ளே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரிதான்.

முந்தின இரவு பல் முளைக்கும் காய்ச்சல். அவளும் தூங்கவில்லை, நாங்களும் தூங்கவில்லை. ஹிக்கின்சன் ஹைவே ஏறியதும் அவள் தூங்கிப்போனாள். அப்போது அலுவலகத்திலிருந்து போன். துறைமுகத்தில் ஒரு கண்டெய்னரை நிறுத்திவைத்திருக்கிறார்கள், எந்தத் தாள் குறைகிறது என்று தெரியவில்லை. பேசிக்கொண்டே ஓட்டினேன். டேமதர் வீட்டுக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டிய ரோபோவில் (இங்கே சிக்னலுக்கு அதுதான் பெயர், ஐந்து வருடம் ஆகியும் எனக்குச் சிரிப்பு வருகிறது) பச்சை எரிந்தது. தினமும் போவது போல நேராகப் போய்விட்டேன்.

நிழலே இல்லாத பார்க்கிங். டிக்கியைத் திறந்து லேப்டாப் பையை எடுத்தேன். இந்த ஊரில் பையை யாரும் சீட்டில் வைப்பதில்லை. ரோபோவில் நிற்கும்போது கண்ணாடியை உடைத்துப் பிடுங்கிக்கொண்டு ஓடுவார்கள். அதற்காகவே கண்ணாடியில் கருப்புப் படலமும் ஒட்டியிருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே எதுவும் தெரியாது, அடித்தாலும் சுலபத்தில் உடையாது. காசு கொடுத்துச் செய்த ஏற்பாடு.

ரிமோட்டை அழுத்தினேன். போனேன்.

எங்கள் பார்க்கிங்கில் ஒரு கார் கார்டு இருக்கிறார். காங்கோக்காரர், மஞ்சள் அங்கி, நாள் முழுக்க வெயிலில் நின்று நாம் போடும் சில்லறையில் பிழைப்பவர். ரிமோட் சிக்னலைத் தடுக்கும் கருவியை வைத்துக்கொண்டு திருடர்கள் திரிவதால், ஆள் போன பிறகு ஒவ்வொரு கதவையும் இழுத்துப் பார்ப்பது அவர் பழக்கம். என் கதவையும் இழுத்தார். பூட்டித்தான் இருந்தது. ஆனால் ஏதோ அசைந்த மாதிரி இருக்கவே இரண்டு கையையும் கண்ணாடியில் குவித்து வைத்துப் பார்த்திருக்கிறார்.

நான் லிஃப்டுக்காக நின்றுகொண்டிருந்தேன். "பாஸ்! பாஸ்! பேபி!" என்று ஓடி வந்தார்.

எழுதக் கை வராத இடம் இதுதான். நான் திரும்பி, யாருடைய குழந்தை என்று பார்த்தேன். என் மனதில் குட்டி டேமதர் வீட்டில் இருந்தாள். வாசலில் அவளைத் தூக்கிக் கொடுத்த மாதிரி ஒரு படம்கூட உள்ளே இருந்தது.

ஏழெட்டு நிமிடம் இருக்கும். கதவைத் திறந்தபோது தலைமுடி நெற்றியோடு ஒட்டி, முகம் சிவந்து, கை முட்டியைச் சப்பிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். டேமதர் வீட்டில் தாமதத்துக்கு 'டிராஃபிக்' என்றேன்.

மனைவி முழுவதும் கேட்டாள். முதலில் குட்டியைத் தூக்கி வந்து மடியில் போட்டுக்கொண்டாள். ரொம்ப நேரம் கழித்து, "மறந்ததை விடுங்க. மூணு நாள் என் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டீங்களே, அது எப்படி முடிஞ்சுது?" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை.

ஜனவரி 21, செவ்வாய்

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். தூக்கம் வந்தால்தானே.

2005-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு. வெளியே 22 டிகிரிதான், சட்டையில் வியர்வைகூட வராத நாள். அப்படிப்பட்ட நாளில் மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 47 டிகிரி. ஏற்றத்தில் 80 விழுக்காடு முதல் அரை மணிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசமில்லை. குழந்தையின் உடல் பெரியவர்களுடையதைவிட மூன்றிலிருந்து ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். நான் மறந்த காலை 22 டிகிரி இல்லை.

காருக்குள் வெப்பத்தில் இறந்த குழந்தைகளுக்கு அமெரிக்காவில் 1998-லிருந்து கணக்கு வைத்திருக்கிறார்கள். வருடத்துக்குச் சராசரியாக 37 குழந்தைகள் போல. 2018, 2019 இரண்டு வருடமும் ஐம்பதைத் தாண்டியது. மொத்தத்தில் பாதிக்குச் சற்று மேல் மறதி. கால்வாசி, விளையாட்டாகத் தானே காருக்குள் ஏறி மாட்டிக்கொண்டவை. மீதியில் பெரும்பாலும், தெரிந்தே 'இதோ வந்துடறேன்' என்று விட்டுப்போனவை. இந்தக் கடைசிக் கூட்டத்தை மற்றவர்களோடு ஒரே பையில் போட எனக்கு மனமில்லை. நான் சொல்லக்கூடாதுதான், ஆனாலும் மனமில்லை.

இதில் ஒரு கொடுமையும் இருக்கிறது. முன்சீட் ஏர்பேக் விரிந்து குழந்தைகள் இறந்ததால்தான் 1990-களில் குழந்தைகளைப் பின்சீட்டுக்கு மாற்றினார்கள். அது சரியான முடிவு, அதனால் பல உயிர்கள் பிழைத்தன. ஆனால் அதோடு குழந்தை கண்ணுக்கு மறைந்தும் போனது.

டேவிட் டயமண்ட் என்று ஒருவர், தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் மூளை ஆராய்ச்சி செய்பவர். மூளையில் இரண்டு ஞாபகங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கின்றன என்கிறார். ஒன்று பழக்கம். தினமும் போகும் வழியில் காரைத் தானே கொண்டுபோகும், நமக்கு வேலையே இல்லை. இன்னொன்று 'இன்றைக்கு மட்டும் இப்படி' என்று வைத்துக்கொண்ட எண்ணம். தூக்கம் கெட்டு, மனம் வேறெங்கோ இருந்து, நடுவில் ஞாபகப்படுத்த ஒரு சத்தம்கூட இல்லையென்றால் பழக்கம் ஜெயித்துவிடும். ஜெயித்த பிறகு, குழந்தையை இறக்கிவிட்டதாக மூளையே ஒரு பொய்ப் படத்தையும் வரைந்து கொடுக்குமாம். லிஃப்ட் வாசலில் என்னிடம் இருந்தது அந்தப் படம்தான்.

படித்ததும் ஆறுதலாக இருந்தது. ஆறுதலாக இருந்ததே என்று கோபமும் வந்தது.

பல மாதங்களுக்கு முன் இப்படி ஒரு செய்தியைக் குடும்ப வாட்ஸாப்பில் சித்தப்பா அனுப்பியிருந்தார். அதன் கீழே நான் எழுதியதைத் தேடி எடுத்தேன். "செல்போனை மறப்பானா அந்த ஆளு?" பதினோரு பேர் கட்டைவிரலைத் தூக்கியிருக்கிறார்கள். செல்போனை மறந்துவிட்டு பாதி வழியிலிருந்து வீட்டுக்குத் திரும்பிய காலைகள் எனக்கு எத்தனையோ. அப்போது அது நினைவுக்கு வரவில்லை.

ஜனவரி 25, சனி

கீழ்வீட்டு ஆயாவிடம் மனைவி சொல்லிவிட்டாள். ஆயாதான் எங்கள் வீட்டுக்காரம்மா. இங்கே பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பேத்தியின் பெண். ஆங்கிலத்தில்தான் பேசுவார், நடுநடுவே 'தம்பி', 'சாப்டாச்சா', 'ஐயோ' மட்டும் தமிழில் விழும்.

திட்டுவார் என்று நினைத்தேன். உட்காரச் சொல்லி, கதை சொன்னார். அறுபதுகளில், எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டி கேட்டோ மேனரிலிருந்து கிளப்பி, இந்த சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியபோது ஆயா சின்னப் பெண். லாரியில் கட்டில், அம்மி, கோழிக்கூண்டு எல்லாம் ஏற்றி, அவர் அம்மா பிள்ளைகளைத் தலையில் தட்டித் தட்டி எண்ணினார். எண்ணிக்கை சரியாக வந்தது. இங்கே இறக்கிவிட்டுப் பார்த்தால் கடைசித் தம்பியைக் காணோம். பக்கத்து வீட்டுப் பையன் ஒருவனையும் சேர்த்து எண்ணியிருக்கிறார். திரும்பிப் போனபோது தம்பி பழைய வீட்டில் சுருட்டிய பாய்க்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தான். அந்தத் தம்பிக்குக் கல்யாணம் ஆகி, பேரன் எடுத்த பிறகும் குடும்பத்தில் பெயர் 'பாய்'.

"அன்னிக்கு அது கதை ஆச்சு தம்பி, சிரிக்க ஆச்சு. பாய் சுடாது இல்ல" என்றார். முழுவதும் தமிழில்.

எங்கள் ஊர் ஆழித்தேரன்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்: நீலச் சட்டை போட்ட மூன்று வயசுப் பையன், பெற்றோர் எங்கிருந்தாலும் கமிட்டி அலுவலகத்துக்கு வரவும். வந்து வாங்கிக்கொண்டு போகிற அப்பனை யாரும் அடித்ததில்லை.

மாலையில் ஆயாவின் மருமகன் வந்திருந்தார். வக்கீல். கேட்கவே கூடாது என்று நினைத்ததைக் கேட்டுவிட்டேன். குழந்தை போயிருந்தால்?

கல்பபிள் ஹோமிசைட் என்றார். கொல்லும் எண்ணம் தேவையில்லை, கவனக்குறைவு போதும். வழக்குப் போடுவதும் போடாததும் அரசு வக்கீலின் கையில். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அந்தக் குற்றமே இல்லை. 2005-ஆம் வருடக் குழந்தைகள் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு, ஆனால் அது வேண்டுமென்றே புறக்கணிப்பவர்களுக்கு. ஆக, நான் செய்தது அணுவளவும் மாறாமல், ஒருவர் கதவை இழுத்துப் பார்த்தாரா இல்லையா என்பதை வைத்து நான் குற்றவாளி, அல்லது ஒன்றுமே இல்லை.

கவனக்குறைவை எதை வைத்து அளப்பார்கள் என்று கேட்டேன். சிரித்தார். இந்த நாட்டுச் சட்டத்துக்கு அடிப்படையான பழைய ரோமன் டச்சுச் சட்டத்தில் அதற்கு ஒரு லத்தீன் பெயர் இருக்கிறதாம், டிலிஜென்ஸ் பாட்டர்ஃபமிலியாஸ். விழிப்புள்ள குடும்பத் தலைவன். அளவுகோலே ஓர் அப்பன்தான்! 1966-இல் ஒரு வழக்கு. திறந்துகிடந்த கதவு வழியாகக் குதிரை ரோட்டுக்கு வந்து காரில் மோதிவிட்டது. அந்தத் தீர்ப்பில் வந்த கேள்விகளைத்தான் இன்றும் கேட்கிறார்கள். புத்தியுள்ள ஒருவன் இப்படி நடக்கலாம் என்று முன்கூட்டியே நினைத்திருப்பானா? நினைத்திருந்தால் தடுக்க ஏதாவது செய்திருப்பானா? நீ செய்தாயா?

"மறந்தியான்னு கோர்ட் கேக்காது. மறப்பேன்னு நினைச்சுப் பார்த்தியான்னு கேக்கும்" என்றார்.

பதினோரு கட்டைவிரல்கள் ஞாபகத்துக்கு வந்தன. மறக்கிறவன் வேறு ஜாதி ஆள் என்று நினைத்திருந்தேன். அதனால் எந்த ஏற்பாடும் செய்யவில்லை. மூளை செய்த வேலைக்கு நான் பொறுப்பில்லை என்றால் சரி. இந்த நினைப்புக்கு?

இரவு மனுநீதிச் சோழனில் போய் முடிந்தது மனம். திருவாரூர்க்காரனுக்கு வேறு எங்கே போகும்? கோயிலுக்கு வெளியே அந்தக் கல்தேரைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்குப் போனவன் நான். கன்று சக்கரத்தில் தானே வந்து விழுந்தது, இளவரசன் பார்க்கவில்லை. மந்திரிகளும் அதைத்தான் சொன்னார்கள், பரிகாரம் செய்தால் போதும் என்று. ராஜா கேட்கவில்லை. சின்ன வயதில் ராஜா பக்கம்தான் நான். இப்போது யோசித்தால், இந்த வழக்கில் தேர் ஓட்டியவனும் மணியடித்த பசுவும் ஒரே ஆள். இவனுக்கு எந்தத் தேரைக் கொண்டு வருவது?

கதையில் கடைசியில் கன்று எழுந்துவிடுகிறது. எனக்கும் எழுந்துவிட்டது. எழாதவர்களைப் பற்றி நினைத்துவிட்டு விளக்கை அணைக்க முடியவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

ஏற்பாடுகள். இத்தாலியில் 2019 நவம்பரிலிருந்து நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அலாரம் வைத்த சீட் கட்டாயம். ஐரோப்பாவில் புதுக் கார்களை மதிப்பிடும்போது, உள்ளே விட்டுவந்த குழந்தையைக் கண்டுபிடிக்கும் கருவிக்கு 2023-லிருந்து மதிப்பெண் தருகிறார்கள். என் காருக்குப் பதின்மூன்று வயது. நான் ஹெட்லைட்டை அணைக்க மறந்தாலே அது எனக்குச் சொல்லாது.

எல்லோரும் சொல்லும் யோசனை, போனையோ பையையோ குழந்தை பக்கத்தில் வை என்பது. இந்த ஊரில் பையைப் பின்சீட்டில் வைத்தால் இரண்டாவது ரோபோவில் கண்ணாடி போய்விடும், குழந்தை மேல் சில்லு விழும். அதனால் இடது கால் ஷூ. பழைய ஷூவை எந்தத் திருடனும் தொடமாட்டான், ஒற்றை ஷூவோடு நானும் அலுவலகத்துக்குள் போகமாட்டேன். கிளட்சை சாக்ஸ் காலால் மிதிக்க முதல் நாள் வழுக்கியது, இப்போது பழகிவிட்டது.

டேமதரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்குள் குட்டி வரவில்லையென்றால் எனக்கும் மனைவிக்கும் போன் செய்வதாக ஏற்பாடு. அவர் வேறு பிள்ளைகளின் பெற்றோர்களுக்கும் அதையே ஆரம்பித்துவிட்டார். ஒரு அம்மா, "என்னைப் பார்த்தா பிள்ளையை மறக்கிறவ மாதிரியா இருக்கு?" என்று சண்டைக்கு வந்தாராம்.

கார் கார்டிடம் ஒரு கவர் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் வாங்கி உள்பையில் வைத்துக்கொண்டார். அவருக்கும் ஒரு பெண் இருக்கிறாள், லுபும்பாஷியில், பாட்டியிடம். பார்த்து நாலு வருடம் ஆகிறதாம்.

பிப்ரவரி 10, திங்கள்

நாளை தைப்பூசம். கீழ்வீட்டில் பத்து நாளாக விரதம், வாசல் முழுக்க கேந்திப்பூ மாலை, பெரியவன் பால்குடத்தைத் தட்டித் தாளம் போட்டுத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறான்.

மனைவி இன்று லீவு. குட்டி வீட்டிலேயே இருந்தாள். நான் தனியாகத்தான் வேலைக்குப் போனேன். பார்க்கிங்கில் இறங்கிக் காலை வைத்ததும் தார் சுட்டது. குனிந்து பார்த்தால் இடது காலில் சாக்ஸ் மட்டும். எப்போது கழற்றிப் பின்னால் வைத்தேன் என்று தெரியவில்லை.

பின்கதவைத் திறந்தேன். சீட்டின் முதுகுதான் தெரிந்தது. எட்டிப் பார்த்தேன், உள்ளே குட்டி இல்லை. வீட்டில் இருக்கிறாள் என்று புத்திக்குத் தெரியும். ஆனாலும் பெல்ட்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். ஒரு பிஸ்கட் துண்டு இருந்தது. வீட்டுக்குப் போன் போட்டேன். "என்னங்க?" என்றாள்.

"அவ இருக்காளா?"

"இருக்கா. இதோ." போனைக் குட்டி காதில் வைத்திருப்பாள் போல. மூச்சு விடும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் கார் கார்டு ஒவ்வொரு கதவாக இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்துகொண்டிருந்தார். நான் ஷூவைப் போட்டுக்கொண்டேன்.