பாப்பாவுக்கு ஒரு ஏடிவி: பாஸ்ட்ராப் நாட்குறிப்பு

செப்டம்பர் 7, சனி

வண்டி வந்து சேர்ந்தது. ஏடிவி என்றால் காடு மேடு எங்கும் ஓட்டும் நான்கு சக்கர வண்டி. இது ஹோண்டா டிஆர்எக்ஸ்90எக்ஸ், 86 சிசி, சிவப்பு. பழைய வண்டிதான். டெக்சஸில் எங்கள் பாஸ்ட்ராப்புக்குப் பக்கத்து ஊரான எல்ஜின் பக்கம் ஒரு பண்ணைக்காரரிடம் வாங்கினேன். அவர் மகன் கல்லூரிக்குப் போன பிறகு கொட்டகையில் கோழிகள் ஏறி உட்காரும் மேடையாக நின்றிருக்கிறது. சீட்டைக் கழுவவே ஒரு மணி நேரம் ஆனது.

பத்து வயது முடியட்டும் என்று மகளிடம் நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது நானாக வைத்த கணக்கு இல்லை. அமெரிக்காவில் குழந்தைகளுக்கான ஏடிவிகள் 6 வயதுக்கு மேல், 10-க்கு மேல், 12-க்கு மேல் என்று பிரிக்கப்பட்டிருக்கின்றன. 6 வயது வண்டி எவ்வளவு முறுக்கினாலும் மணிக்கு 15 மைலைத் தாண்டக் கூடாது. 10 வயது வண்டிக்கு உச்சம் 30 மைல். ஆனால் அது தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 15 மைலுக்குக் கட்டி வைக்கப்பட்டுத்தான் வர வேண்டும். கட்டை அவிழ்ப்பதா வேண்டாமா என்பது பெற்றோர் பாடு.

வலது கைப்பிடியில், கட்டைவிரலால் அழுத்தும் ஆக்சிலரேட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு சின்ன ஸ்க்ரூவும் லாக் நட்டும் இருக்கின்றன. உள்ளே முடுக்கினால் லீவர் குறைவாகத்தான் நகரும். முந்தைய பையன் அதை முழுக்க வெளியே எடுத்து வைத்திருந்தான். பையனைக் குறை சொல்ல முடியாது, கடைசியில் அவனுக்குப் பதினாறு வயதாம். முதல் வேலையாக உள்ளே முடுக்கி நட்டை இறுக்கினேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

டேங்க் மூடியைத் திறந்ததும் வார்னிஷ் வாடை. இங்கே பங்கில் போடும் பெட்ரோலில் பெரும்பாலும் பத்து சதவீதம் எத்தனால் இருக்கும். மாதக்கணக்கில் நின்றால் ஈரத்தை இழுத்துக்கொண்டு கெட்டுப்போகும். சோக் போட்டால் இரண்டு வினாடி உறுமும், எடுத்தால் அணையும். கார்புரேட்டரில் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் சின்னத் துளைத் திருகு, அதாவது பைலட் ஜெட், அடைத்திருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

கார்புரேட்டரைக் கழற்றி மேசையில் வைத்தேன். கிண்ணத்தின் அடியில் பச்சை நிறத்தில் பிசின் போல ஒரு படிவு. மகள் பைலட் ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுல ஓட்டையே இல்லையே" என்றாள். மயிரிழை அளவு ஓட்டை. ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டு, பழைய கிடார் கம்பி ஒன்றை விட்டு மெதுவாக உருவிய பிறகு அவளே மறுபடி பார்த்து, ஜன்னல் தெரிகிறது என்றாள். டிரில் பிட் போன்ற கெட்டியான எதையும் உள்ளே விடக் கூடாது. பித்தளை, ஓட்டை பெரிதாகிவிடும்.

சாயங்காலம் புதுப் பெட்ரோல், புது பிளக். பட்டனைத் தொட்டதும் பிடித்துக்கொண்டது.

இன்னொன்று. சைலன்சர் வாயில் மண் குளவி கூடு கட்டி முக்கால்வாசி மூடியிருந்தது. டெக்சஸில் ஒரு குழாயைத் திறந்து போட்டால் குளவி விடாது. இப்போது நிறுத்தியதும் ஒரு துணியைச் செருகி, சிவப்பு ரிப்பன் கட்டிவிடுகிறோம். எடுக்க மறந்தாலும் ரிப்பன் கண்ணில் படும்.

செப்டம்பர் 14, சனி

வண்டி ஆளுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் நாள். மொத்த வேலையிலும் இதுதான் முக்கியம் என்பது என் கட்சி. கடைகளில் வயதைக் கேட்டு வண்டியைத் தள்ளிவிடுகிறார்கள். உட்கார வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு.

இரண்டு காலையும் கால்தாங்கியில் ஊன்றி நிற்கச் சொன்னேன். சீட்டுக்கும் தொடை இடுக்குக்கும் நடுவே மூன்று முதல் ஆறு அங்குலம் இடைவெளி வேண்டும். குறைந்தால் மேடு பள்ளத்தில் சீட் வந்து இடிக்கும், கூடினால் உட்காரும்போது கால் எட்டாது. நான்கு அங்குலம் இருந்தது. அப்புறம் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பச் சொன்னேன். கை முழுதாக நீண்டுவிடக் கூடாது, முழங்கை கொஞ்சமாவது மடிந்திருக்க வேண்டும். இடப்பக்கம் முழுக்கத் திருப்பினால் வலது தோள் இழுபட்டது. கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி ஹேண்டில்பாரை அவள் பக்கம் கொஞ்சம் சுழற்றி இறுக்கினேன்.

விரலை நீட்டினால் நடுவிரலின் முதல் மூட்டு பிரேக் லீவரைத் தாண்ட வேண்டும். தாண்டியது. ஆனால் லீவர் மேலே தூக்கி நின்றதால் நின்றுகொண்டு பிடிக்கும்போது மணிக்கட்டு மடங்கியது. லீவரைக் கொஞ்சம் கீழே சாய்த்தோம். கியர் லீவர் இன்னொரு பிரச்சினை. வெறுங்காலில் சரியாக இருந்தது, கெட்டியான பூட்ஸ் போட்டதும் பாதம் அதற்கு அடியில் நுழையவில்லை. கழற்றி ஒரு பல் மேலே தள்ளி மாட்டியதும் சரியாகிவிட்டது. இந்த வண்டியில் நாலு கியர் உண்டு, கிளட்ச் லீவர் கிடையாது. ஊரில் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் பழகிய எனக்கு நிம்மதி. ரிவர்ஸும் இல்லை, மாட்டிக்கொண்டால் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

ஹெட்லைட்டும் இல்லை. "ஏன் இல்லை?" என்று கேட்டாள். இருட்டில் நீ ஓட்டக் கூடாது என்பதற்காகத்தான் என்றேன். ஆன்லைனில் எல்இடி பட்டை வாங்கி மாட்டலாம் என்று யோசனை சொன்னாள். பேச்சை மாற்றினேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

வீட்டில் விவாதம். என் மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது என்பதால் எழுதி வைக்கிறேன். 16 வயதுக்குட்பட்டவர்கள் ஏடிவி ஓட்டவே கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் நெடுங்கால நிலைப்பாடு. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2010-இல் சட்டமே வந்து, சில விலக்குகள் போக, 14 வயதுக்குட்பட்டவர்கள் ஓட்டத் தடை. டெக்சஸில் சொந்த நிலத்தில் கேட்பாரில்லை. பொது நிலம் என்றால் பயிற்சிச் சான்றிதழ், ஹெல்மெட், கண் பாதுகாப்பு, 14 வயதுக்குள் என்றால் கூடவே பெற்றோர் என்று கட்டுப்பாடுகள் உண்டு.

"ஏங்க, சட்டம் கேக்கலைங்கறதுக்காக நாம கேக்காம இருக்கணுமா?" என்றாள்.

முடிவு: பயிற்சி வகுப்புக்குப் போகாமல் முதல் கியருக்கு மேல் இல்லை. நானோ அவளோ எதிரில் நிற்காமல் சாவி இல்லை. சாவி மனைவியிடம் இருக்கும். நான் ஒத்துக்கொண்டேன். சாவி என்னிடம் இருந்தால் மகள் கேட்டதும் கொடுத்துவிடுவேன் என்பது அவளுக்குத் தெரியும்.

செப்டம்பர் 21, சனி

முதல் ஓட்டம். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் மணல் திடல், பழைய வாளிகளைக் கவிழ்த்துப் பாதை போட்டேன்.

நேராகப் போவதில் சிரமமே இல்லை. திரும்புவதில்தான் எல்லாம். இதில் பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் இறுக்கமாகப் பூட்டியவை. காரில் இருப்பது போல, இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் இல்லை. திரும்பும்போது வெளிச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றும். அதனால் ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். ஓட்டுபவர் உள்பக்கம் சாய்ந்து தன் எடையால் சமாளிக்க வேண்டும். காரில் திருப்பத்தில் வெளிப்பக்கம் தள்ளப்பட்டுப் பழகிய பிள்ளைகள் இதிலும் அப்படியே உட்காருவார்கள். வேகமும் சேர்ந்தால் கவிழ்வது அங்கேதான்.

"உள்பக்கப் பிட்டத்தை சீட்டை விட்டு வெளியே தள்ளு, பார்வை அடுத்த வாளியில் இருக்கட்டும்" என்று கத்திக்கொண்டே இருந்தேன். எனக்குத் தொண்டை கட்டிய நேரத்தில் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

ஊரிலிருந்து அப்பா வீடியோவில் பார்த்தார். "என்னடா, உழவு ஓட்ட முடியாத டிராக்டர வாங்கியிருக்க?"

அக்டோபர் 5, சனி

காலையில் வண்டி இடப்பக்கமே இழுக்கிறது என்றாள். காற்றுதான் காரணம். இந்த டயர்களுக்கு மூன்று பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு மூன்று பவுண்டு அழுத்தம்) அளவில்தான் காற்று. கார் கேஜில் அந்த எண்ணே தொடங்காது, குறைந்த அழுத்தத்துக்கென்று தனி கேஜ் வாங்க வேண்டும். ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் மூன்றரை என்றிருந்தாலே வண்டி கோணிக்கொள்ளும்.

இடது முன் டயரில் மெஸ்கீட் முள். நம் ஊர் சீமைக் கருவேலத்தின் சொந்தக்காரன்தான் இது, முள்ளில் ஒன்றும் குறைச்சல் இல்லை. டியூப் இல்லாத டயர் என்பதால் ரப்பர் திரியைச் செருகி அடைத்தாயிற்று. சோப்புத் தண்ணீர் ஊற்றி, குமிழி வருகிறதா என்று மகள் மூக்கு நுனி தொடும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு முள்ளையும் கண்டுபிடித்தாள்.

டயர் வால்வைப் பற்றி ஒரு கூத்து உண்டு. குழந்தைப் பொருட்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்த 2008-இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. பித்தளை வால்விலும் பேட்டரி முனையிலும் ஈயம் இருக்கிறதே என்று 2009-இல் கடைக்காரர்கள் சின்ன ஏடிவிகளை விற்பனையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். யார் வால்வை நக்கப் போகிறார்கள்? சின்ன வண்டி கிடைக்காவிட்டால் பிள்ளைகள் பெரியவர்கள் வண்டியில் ஏறுவார்கள், அதுதான் ஆபத்து என்று எதிர்ப்பு கிளம்பி, 2011-இல் திருத்தம் கொண்டுவந்து விலக்கு கொடுத்தார்கள்.

அக்டோபர் 13, ஞாயிறு

பக்கத்து நிலத்துக்காரர் நல்ல மனிதர். தன் 500 சிசி வண்டியில் மகளை ஒரு சுற்று ஓட்டச் சொன்னார். வேண்டாம் என்றேன். அந்த எடையை அவள் உடம்பால் சாய்க்க முடியாது. அவர் கொட்டகையில் எண்பதுகளின் மூன்று சக்கர வண்டி ஒன்றும் நிற்கிறது. கவிழ்ந்து கவிழ்ந்து வழக்காகி, 1988-இல் கம்பெனிகள் அரசுடன் உடன்பட்டு விற்பனையை நிறுத்திய ரகம். "நான் பிழைத்தேனே" என்று சிரிக்கிறார். தோளில் பெரிய தழும்பு.

அவர் வீட்டுக்குப் போக நடுவில் தார் ரோடு. அங்கே எஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டுதான் கடக்கிறோம். காற்றுக் குறைந்த டயரும் பூட்டிய அச்சும் தாரில் எப்போது பிடிக்கும், எப்போது வழுக்கும் என்று சொல்ல முடியாது. கார்கள் வேறு.

அக்டோபர் 26, சனி

மழையே இல்லை. புல்லெல்லாம் காகிதமாக நொறுங்குகிறது, கவுண்டியில், அதாவது எங்கள் மாவட்டத்தில், வெளியே தீ மூட்டத் தடை. 2011 செப்டம்பரில் இந்த பாஸ்ட்ராப் காட்டுத் தீயில் 1,600-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. மின்கம்பியில் மரம் விழுந்து பிடித்தது. கருகிய பைன் அடிமரங்கள் சில இடங்களில் இன்னும் நிற்கின்றன. அதனால் இங்கே சைலன்சரை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

சைலன்சருக்குள் தீப்பொறித் தடுப்பான் இருக்கிறது. கரி சேர்ந்தால் தட்டி எடுக்க வேண்டும். எஞ்சின் ஆறிய பிறகு கழற்றினோம், ஒரு கைப்பிடி கரி வந்தது. அதைவிடக் கவலை தந்தது சைலன்சருக்கும் வண்டியின் சட்டகத்துக்கும் இடையில் சிக்கியிருந்த காய்ந்த புல். இனி ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அதை உருவுவது அவள் பொறுப்பு. காய்ந்த புல்வெளியில் வண்டியை நிறுத்தக் கூடாது, சரளைப் பாதையில் மட்டும்.

நவம்பர் 9, சனி

ஏர் ஃபில்டர், ஆயில், செயின். மணலில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டர்தான் உயிர். நுரைப் பஞ்சை சோப்புத் தண்ணீரில் பிழிய வேண்டும், முறுக்கக் கூடாது, கிழியும். நிழலில் காய்ந்ததும் ஃபில்டர் ஆயிலை ஊற்றி, நிறம் சீராகப் பரவும்வரை பிசைய வேண்டும். இட்லி மாவு கரைத்த கை என்பதால் மனைவி என்னைவிட நன்றாகச் செய்தாள்.

எஞ்சினுக்கு மோட்டார் சைக்கிள் ஆயில்தான், டப்பாவில் ஜாசோ எம்ஏ என்ற மோட்டார் சைக்கிள் ஆயில் தர முத்திரை இருக்க வேண்டும். கார் ஆயில் விலை குறைவு என்று ஊற்றுபவர்கள் உண்டு. இதில் கிளட்ச் அதே ஆயிலில் மூழ்கியிருப்பதால், வழுவழுப்பு சேர்த்த கார் ஆயில் அதை வழுக்க வைத்துவிடும்.

நவம்பர் 17, ஞாயிறு

பயிற்சி வகுப்பு முடிந்தது, அரை நாள். நான் கத்தியதையெல்லாம் அந்தப் பெண்மணி கத்தாமல் சொன்னார். கிளம்புமுன் சரிபார்க்கும் வரிசையும் கற்றுக்கொடுத்தார்: டயர், லீவர்-கேபிள், மின்சாரம், ஆயில்-பெட்ரோல், செயின்-சட்டகம். அதை மகள் கொட்டகைக் கதவில் சாக்பீஸால் எழுதியிருக்கிறாள். "செயின்" மட்டும் தப்பாக.

இனி இரண்டாம் கியர். ஆக்சிலரேட்டர் ஸ்க்ரூவையும் கால் சுற்று வெளியே விட்டேன். முழு சுற்று கேட்டாள். வாளிகளுக்கு நடுவே ஒரு வாளியையும் தொடாமல் எட்டுப் போட்டுக் காட்டினால் அடுத்த கால் என்று பேரம் முடிந்தது. நேரே எவ்வளவு வேகம் போகிறாள் என்று நான் பார்ப்பதே இல்லை. திருப்பத்தில் எவ்வளவு மெதுவாகப் போக முடிகிறது என்பதற்குத்தான் ஸ்க்ரூ.

டிசம்பர் 28, சனி

ஹூஸ்டனிலிருந்து மச்சான் குடும்பம் வந்திருக்கிறது. ஏழு வயதுப் பையன் அக்கா பின்னால் உட்கார வேண்டும் என்று அழுகை. சீட் நீளமாக இருப்பது இரண்டு பேருக்காக அல்ல, ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்வதற்காக. "மாமா, ஒரே ரவுண்டு" என்று கெஞ்சினான். எஞ்சின் அணைந்த வண்டியில் ஏற்றி உட்கார வைத்து நானே தள்ளினேன். வாயாலேயே சத்தம் போட்டுக்கொண்டு வந்தான், எனக்கு மூச்சு வாங்கியது.

மகள் வரிசைப்படி சரிபார்த்தபோது முன் பிரேக்கைப் பிடித்து, "அப்பா, அம்பு கோட்டைத் தொட்டுடுச்சு" என்றாள். சக்கரத்தருகே டிரம் பிரேக்கை இயக்கும் தண்டில் ஓர் அம்புக்குறி இருக்கும். லீவரை முழுக்கப் பிடிக்கும்போது அது கோட்டுக்கு நேராக வந்துவிட்டால் பிரேக் ஷூ, அதாவது டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் கட்டை, தேய்ந்துவிட்டது என்று பொருள். கேபிளை இறுக்கி இன்னும் சில வாரம் ஓட்டலாம் என்பார்கள் சிலர். அது தேய்மானத்தை மறைக்குமே ஒழிய பிரேக் பிடிக்காது.

இரண்டு முன்சக்கரத்துக்கும் ஷூ ஆர்டர் போட்டாயிற்று, விடுமுறை முடிந்துதான் வருமாம். பேட்டரியை மெதுவாக ஏற்றும் சார்ஜரில் மாட்டி, கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோலை வடித்துவிட்டேன். அதுவரை ஓட்டம் கிடையாது. தம்பிக்காரன் முன்னால் ஓட்டிக் காட்ட முடியாமல் போனதில் அவளுக்குக் கோபம்தான். ஆனால் அம்பைப் பார்த்துச் சொன்னவளே அவள் என்பதால் சண்டை போடவும் வழியில்லை.