ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று நம்பிய ஏழு மாதம்

போன வருஷம் ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை. கட்டிலிலிருந்து இறங்கி வைத்த முதல் அடியிலேயே, இடது குதிகாலுக்கு மூன்று விரற்கடை மேலே சுருக்கென்று இழுத்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நாலைந்து அடி நடந்தேன். பல் தேய்த்து முடிப்பதற்குள் வலி போய்விட்டது. அதனால் அன்றைக்கும் ஓடினேன்.

எனக்கு வயது 43. திருவான்மியூரில் வீடு, வங்கியில் வேலை. நாலு வருஷமாக ஓடுகிறேன். மூன்று அரை மாரத்தான் முடித்திருந்தேன்; ஜனவரியில் முதன்முறையாக 42.2 கி.மீ. ஓடிவிட வேண்டும் என்று ஆசை. வாரத்துக்கு 35 கி.மீ. ஓடிக்கொண்டிருந்தவள் மூன்றே வாரத்தில் 55க்குப் போனேன். எங்கள் பக்கம் மேடு கிடையாது என்பதால் புதன்கிழமைதோறும் அடையாறு திரு.வி.க. பாலத்தில் பத்துத் தடவை ஏறி இறங்கினேன். அதே மாதம் ஷூவையும் மாற்றினேன், குதிப்பக்கம் தாழ்ந்த ரகம். குதி தாழத் தாழ குதிநாண் (குதிகாலுக்கு மேலே இருக்கும் நாண், Achilles tendon) கூடுதலாக இழுபடும் என்று அப்போது எனக்குத் தெரியாது. இதில் ஏதோ ஒன்றை மட்டும் செய்திருந்தால் கால் தாங்கியிருக்கும். மூன்றையும் ஒரே மாதத்தில் அதன் தலையில் ஏற்றினேன்.

குதிநாண் வலியில் ஆளை ஏய்ப்பது எதுவென்றால், ஓட ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் அது மறைந்துவிடுவது. கால் சூடானதும் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். மறுநாள் காலையில் முந்தைய நாளைவிடக் கொஞ்சம் அதிகமாக வந்து நிற்கும். இப்படியே செப்டம்பர் கடைசிவரை ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை நெடுந்தூர ஓட்டத்துக்கு முன்னால் இரண்டு தடவை வலி மாத்திரை போட்டுக்கொண்டும் ஓடியிருக்கிறேன். இதைப் படிக்கும் யாரும் அதைச் செய்யாதீர்கள். நம் ஊர் வெயிலில் வியர்த்து உடம்பில் நீர் குறையும் நேரத்தில் அந்த வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். காலில் என்ன நடக்கிறது என்பதும் தெரியாமல் போகும்.

அக்டோபரில் மாடிப்படி இறங்குவதே சிரமமாகிவிட்டது. போய்ப் பார்த்த டாக்டர் இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிட்டார்: "ஆறு வாரம் ரெஸ்ட். அப்புறமும் வலிச்சா ஒரு ஊசி போட்டுக்கலாம்." ஸ்டீராய்டு ஊசியைச் சொன்னார். ஊசிக்கு எனக்குத் துணிவு வரவில்லை. அந்த ஊசிக்குப் பிறகு குதிநாண் அறுந்துபோன சம்பவங்கள் மருத்துவ நூல்களிலேயே பதிவாகியிருக்கின்றன என்பதைப் பிறகு படித்தபோது, மறுத்தது நல்லதுதான் என்று பட்டது.

ரெஸ்ட் எடுத்தேன். வலி சுத்தமாகப் போனது. டிசம்பரில் 5 கி.மீ. ஓடினேன், மறுநாள் காலை பழைய வலி அப்படியே வந்துவிட்டது. மறுபடியும் ஆறு வாரம், மறுபடியும் அதே கதை. அம்மா ஊரிலிருந்து வந்து செங்கல்லைச் சூடாக்கி, பழுத்த எருக்கம் இலையை அதன்மேல் போட்டு மிதிக்கச் சொன்னாள். "அந்தக் காலை வச்சுக்கிட்டு இன்னும் எதுக்குடி ஓடணும்ங்கிற? நடந்தா போதாதா?" ஒத்தடம் இதமாகத்தான் இருந்தது. அம்மா சொல்வது உள்ளங்காலோடு சேர்ந்த குதிவலிக்கு. என்னுடையது கெண்டைக்கால் தசையைக் குதியெலும்போடு கட்டும் நாணில் இருந்தது. அவள் கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. விடிவதற்குள் கடற்கரைச் சாலையில் ஓடும் அந்த ஒரு மணி நேரம்தான் ஒரு நாளில் யாருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியில்லாத நேரம். அதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது?

ஜனவரி மாரத்தானன்று தண்ணீர் மேசையில் நின்று ஆரஞ்சுச் சுளையும் கடலை மிட்டாயும் கொடுத்தேன். எங்கள் குழுப் பிள்ளைகள் "அக்கா, அடுத்த வருஷம் நீங்க" என்று கத்திக்கொண்டே கடந்து போனார்கள். அவர்கள் போன பிறகு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன்.

மார்ச்சில்தான் ஓட்டக்காரர்களைப் பார்த்துப் பழகிய ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். ஸ்கேனில் நாணின் நடுப்பகுதி தடித்திருந்தது. முதலில் அவர் என்னை ஒற்றைக் காலில் நின்று குதியைத் தூக்கி இறக்கச் சொன்னார். வலது காலில் 27 வந்தது. இடது காலில் ஒன்பதோடு நின்றுவிட்டது. "ஓய்வில வலி போகும்மா. பலமும் சேர்ந்தே போகும். நீங்க ஓய்வுக்கு அப்புறம் ஓடினது ஆகஸ்ட்டைவிட பலவீனமான காலோட" என்றார். ஏழு மாதத்தில் யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

அவர் கொடுத்த பயிற்சிக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ஸ்வீடனின் உமியோ நகரத்தில் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் என்றொரு எலும்பு மருத்துவர். அவரும் ஓடுகிறவர், அவருக்கும் இதே வலி. அறுவை சிகிச்சை கேட்டபோது அவருடைய மேலதிகாரி மறுத்துவிட்டார். நாண் மோசமானால் மறுக்க முடியாதே என்று, வலிக்க வலிக்கக் குதியைக் கீழே இறக்கிப் பாரம் கொடுத்தார். நாண் தேறிவிட்டது. அதைப் பொழுதுபோக்காக விளையாடுகிற 15 பேரிடம் 12 வாரம் செய்து பார்த்து 1998இல் கட்டுரையாக வெளியிட்டார். பதினைந்து பேரும் பழையபடி ஓடினார்கள்.

படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று, நல்ல காலால் மேலே எழும்பி, வலிக்கிற காலில் மட்டும் எடையைப் போட்டு மெதுவாகக் குதியைக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 வீதம் மூன்று சுற்று, லேசாக மடக்கி 15 வீதம் மூன்று சுற்று. காலையும் மாலையும் சேர்த்தால் 180. எங்கள் அடுக்ககத்தின் இரண்டாம் மாடிப் படியில், கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு செய்தேன். மூன்றாம் வாரம் சுலபமானதும் முதுகுப்பையில் ஐந்து கிலோ அரிசியைக் கட்டிக்கொண்டேன். (வலி குதியெலும்பில் நாண் ஒட்டும் இடத்திலேயே இருந்தால் படிக்குக் கீழே இறக்கக் கூடாது, தரையோடு நிறுத்த வேண்டும். எது என்று தெரியாமல் காணொளி பார்த்துத் தொடங்காதீர்கள்.)

முதல் மூன்று வாரம் பயந்துகொண்டேதான் செய்தேன். ஒவ்வொரு இறக்கத்திலும் வலித்தது. வலிக்கும்போது நிறுத்துவதுதானே புத்தி என்று அக்டோபரிலிருந்து பழகியிருந்தேன். அதற்கு அவர் கொடுத்தது ஒரு நோட்டுப் புத்தகமும் பூஜ்யத்திலிருந்து பத்துவரை ஓர் அளவும். ஐந்தைத் தாண்டாத வலி பரவாயில்லை. மறுநாள் காலை அது பழைய நிலைக்கு இறங்கியிருக்க வேண்டும். வாரத்துக்கு வாரம் ஏறக் கூடாது. இதுவும் ஸ்வீடனிலிருந்து வந்த முறைதான். கோதன்பர்க்கில் இந்த அளவை வைத்துக்கொண்டே ஒரு குழுவைத் தொடர்ந்து ஓட விட்டார்கள், இன்னொரு குழுவை ஆறு வாரம் ஓடாமல் பயிற்சி மட்டும் செய்ய வைத்தார்கள். இரண்டு குழுவும் ஒரே அளவுக்குத் தேறின. 2007இல் வந்த ஆய்வு.

அந்த நோட்டுதான் என்னைத் தேற்றியது. தினமும் காலை முதல் பத்து அடி நடந்து ஓர் எண் எழுதுவேன். முதல் பக்கம் முழுக்க 6, 5, 6, 6. ஒரு கல்யாணத்துக்குப் போய் நாள் முழுக்க மண்டபத்து கிரானைட் தரையில் வெறுங்காலோடு நின்றதற்கு மறுநாள் 7. முன்பாக இருந்தால் அந்த 7ஐப் பார்த்ததும் எல்லாம் போச்சு என்று படுத்திருப்பேன். நோட்டில் அதற்குப் பக்கத்திலேயே காரணம் இருந்தது. ஐந்து நாளில் மறுபடியும் 4. ஒன்பதாம் வாரம் முதல் தடவையாக 2 எழுதியபோது கணவரை எழுப்பிக் காட்டினேன்.

பத்தாம் வாரத்தில் ஓட்டம். ஒரு நிமிஷம் ஓட்டம், நாலு நிமிஷம் நடை, ஆறு தடவை. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். பாரம் தாங்கிய நாண் தன்னைத் திரும்பக் கட்டிக்கொள்ள ஒன்றரை நாளாவது ஆகும் என்றார். ஆறு நிமிஷ ஓட்டத்துக்காக நாலரை மணிக்கு எழுந்து பெசன்ட் நகர் போனேன். ஜூலைக் கடைசியில் நிறுத்தாமல் 5 கி.மீ., அக்டோபரில் 12.

இடையில் காய்ச்சலுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் எழுதிய டாக்டரிடம் காலைக் காட்டி வேறு மருந்து கேட்டு வாங்கினேன். அந்த வகை ஆன்டிபயாட்டிக் குதிநாணைப் பாதிக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008லேயே எச்சரித்திருக்கிறது. நாண் வலி இருப்பவர்கள் இதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஓடும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல் ஒரு சத்தம் கேட்டு, அதன்பின் நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் நோட்டு, படிக்கட்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அது நாண் அறுந்ததன் அடையாளமாக இருக்கலாம்.

வரும் ஜனவரியில் அரை மாரத்தானுக்குத்தான் பெயர் கொடுத்திருக்கிறேன். பாலப் பக்கம் இன்னும் போகவில்லை. காலையில் நோட்டில் பெரும்பாலும் 1, சில நாள் 0. வாரம் மூன்று நாள் படிக்கட்டு தொடர்கிறது, பையில் இப்போது பத்துக் கிலோ அரிசி. நேற்று மறுபடியும் ஒற்றைக் காலில் எண்ணினேன். இடது 24, வலது 27. இன்னும் மூன்று பாக்கி.