சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் குழந்தை, மலை மேல் வீடு

வேலூரிலோ கோவையிலோ வியர்வைப் பரிசோதனை செய்து, குளோரைடு (உப்பின் அளவைக் காட்டுவது) லிட்டருக்கு 60 மில்லிமோலைத் தாண்டி, நோய் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்தான் என்று உறுதியான பிறகு குழந்தையை ஊட்டிக்கோ கோத்தகிரிக்கோ தூக்கிக்கொண்டு வருவீர்கள். கையில் ஓர் அறிவுரைத் தாள் இருக்கும். அதில் எழுதியிருப்பது சரிதான். ஆனால் சமவெளி வீட்டை மனதில் வைத்து எழுதியது. 2,200 மீட்டர் உயரத்தில், ஜூலை மாத மூடுபனியில் அந்தத் தாளை எங்கெங்கே திருத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பதிவு. மருந்தின் அளவு உங்கள் மருத்துவர் சொல்வதுதான். இங்கே வரும் எண்கள், அவர் சொல்வது உங்களுக்குப் புரிவதற்காக.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். இது தொற்றுநோய் இல்லை, தாய் சாப்பிட்டதால் வந்ததும் இல்லை. கூடலூர்ப் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய் எப்படி இறங்குகிறதோ அப்படித்தான் இதுவும்: அப்பா, அம்மா இருவரிடமும் ஒவ்வொரு பழுதான மரபணு இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. உப்பும் நீரும் செல்லுக்குள் போய்வரும் வழி கெட்டுப்போவதால் நுரையீரல் சளி பசைபோல் இறுகுகிறது, கணையக் குழாய் அடைபடுகிறது, வியர்வையில் உப்பு வீணாகிறது. வீட்டில் செய்யும் அத்தனை வேலையும் இந்த மூன்றுக்காகத்தான்.

மருந்தை ஆவியாக்கி மாஸ்க் வழியாக மூச்சில் கொடுக்கும் மெஷினான நெபுலைசரில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. மலையில் எல்லாரும் குளிருக்குப் பயப்படுகிறோம். இந்தக் குழந்தைக்கு ஈரம்தான் பெரிய எதிரி. சூடோமோனாஸ் என்ற கிருமி ஈரத்திலேயே குடியிருப்பது. சிங்க் துளை, பூச்சாடித் தண்ணீர், குளியல் பொம்மையின் உட்புறம், காயாத நெபுலைசர் கப் எல்லாம் அதற்கு வீடு. பிசுபிசுத்த சளிக்குள் ஒருமுறை நிலைத்துவிட்டால் விரட்டுவது பெரும்பாடு. அதனால் ஒவ்வொரு முறையும் கப்பையும் மாஸ்கையும் கழற்றி, பாத்திர சோப்புப் போட்டு வெந்நீரில் கழுவ வேண்டும். தினம் ஒருமுறை கப்பைக் கொதிக்க வைக்க வேண்டும். தாளில் 5 நிமிடம் என்று இருக்கும். ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுகிறது, பருப்பு சீக்கிரம் வேகாததற்கு என்ன காரணமோ அதேதான். ஆகவே இங்கே தளதளவென்று கொதி வந்த பிறகு 10 நிமிடம் வைப்பது நல்லது. பாத்திரத்தின் அடியில் ஒரு சுத்தமான துணி போட்டால் பிளாஸ்டிக் அடியில் ஒட்டி உருகாது. காற்றுக் குழாயைக் கொதிக்க வைக்கக் கூடாது. மாஸ்கைக் கொதிக்க வைக்கலாமா என்று கையேட்டில் பாருங்கள். குக்கரில் போடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். 121 டிகிரி தாங்கும் என்று கையேடு சொன்னால் தவிர வேண்டாம். வினிகரையும் நம்ப வேண்டாம்.

அடுத்தது காயவைப்பது. தென்மேற்குப் பருவத்தில் காலையில் வைத்த கப் மாலையிலும் ஈரமாகவே இருக்கும். மூன்று நான்கு செட் கப் வாங்கிவிடுங்கள், ஒன்று காயும்போது மற்றொன்று ஓடும். நன்றாக உதறி, புதிய டிஷ்யூ காகிதத்தின் மேல், எண்ணெய் நிரப்பிய ரூம் ஹீட்டருக்குச் சற்றுத் தள்ளி வையுங்கள். அடுப்படித் துணியால் துடைக்காதீர்கள். குழாய்க்குள் நீர்த்துளி தெரிந்தால் கப்பைக் கழற்றிவிட்டு இரண்டு மூன்று நிமிடம் மெஷினை வெறுமனே ஓடவிட்டால் போய்விடும். சளியை இளக்க நெபுலைசரில் விடும் உப்புநீர் மருந்து 3 அல்லது 7 சதவீதத்தில் வரும். அதை வீட்டில் கலக்கக் கூடாது. அது மூச்சுக்குழாயை இறுக்கிவிடக்கூடும், எனவே முதல் டோஸ் மருத்துவமனையில்தான்.

ஒரு வேளைச் சிகிச்சையின் பொதுவான வரிசை: மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமால் கொடுத்திருந்தால் அது முதலில், பிறகு உப்புநீர், பிறகு சளி இளகி வர மார்பிலும் முதுகிலும் தட்டுவது, மூச்சில் இழுக்கும் ஆன்டிபயாட்டிக் இருந்தால் எல்லாம் முடிந்து கடைசியில். சளி வெளியேறாமல் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் மருந்து சளியின் மேலேயே நின்றுவிடும்.

தட்டுவது பால் கொடுக்கும் முன், அல்லது கொடுத்து ஒன்றரை மணி நேரம் கழித்து, தினம் இரண்டு வேளை. கையைக் குழித்துக்கொண்டால் ‘டொப் டொப்’ என்று உள்ளீடற்ற சத்தம் வரும். ‘பட்’ என்று அறைச் சத்தம் வந்தால் கை தட்டையாக இருக்கிறது. மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, மல்லாக்க, இடப்பக்கம், வலப்பக்கம், குப்புற என்று ஒவ்வொரு நிலையிலும் மூன்று நிமிடம் போதும். தலையைக் கீழே சாய்க்கும் பழைய முறை கைக்குழந்தைக்கு வேண்டாம், பால் எதுக்களித்து நுரையீரலுக்குப் போகும். முதுகெலும்பு, வயிறு, விலாவுக்குக் கீழே தட்டக் கூடாது. இங்கே இன்னொரு சிக்கல், ஸ்வெட்டர். கம்பளிக்கு மேல் தட்டினால் அதிர்வு கம்பளியோடு நின்றுவிடும். அறையைச் சூடாக்கிவிட்டு, ஒரு பருத்திச் சட்டையோடு தட்டுங்கள். குழந்தை சளியைத் துப்பாது, விழுங்கும்; சில நேரம் வாந்தியில் வரும். அது பரவாயில்லை. இருமலை அடக்கும் சிரப் கொடுப்பதுதான் தவறு.

புகை விஷயத்தில் பாட்டிமாரோடு சண்டை வரும், வரட்டும். குளித்ததும் சாம்பிராணி போடக் கூடாது. மூக்கில் எண்ணெய் விடக் கூடாது. கடைக்குக் கடை விற்கும் நீலகிரித் தைலத்தை மார்பில் தடவுவதும் ஆவியில் விடுவதும் கைக்குழந்தைக்கு ஆகாது, வாய்க்குள் போனால் வலிப்பே வரலாம். கரி போட்ட கணப்புச் சட்டியை மூடிய அறையில் வைத்தால் யாருக்குமே உயிராபத்து. விறகடுப்பு இருந்தால் குழந்தை வேறு அறையில் இருக்கட்டும். கேரட் தோட்டத்து எருக்குழி, பூஞ்சை பிடித்த வைக்கோல், சுவரில் கறுத்த ஈரப்பூஞ்சை இவற்றில் நுரையீரலைத் தாக்கும் ஆஸ்பர்ஜிலஸ் என்ற பூஞ்சை இருக்கும். எருவைக் கிளறும் நாளில் ஜன்னலைச் சாத்துங்கள், தோட்டத்திலிருந்து வருபவர் சட்டை மாற்றிக் கை கழுவிவிட்டுத் தூக்கட்டும்.

கணையக் குழாய் அடைபட்டதால் குடலுக்கு வராத செரிமானச் சாற்றுக்குப் பதிலாகக் கொடுப்பது கணைய என்சைம். அந்தக் கேப்ஸ்யூலுக்குள் இருப்பவை அமிலம் தாங்கும் உறை போட்ட குட்டி மணிகள். 120 மில்லி பாலுக்கு 2,000 முதல் 4,000 லைப்பேஸ் (கொழுப்பைச் செரிக்கும் என்சைம்) யூனிட் வரை தொடங்குவது வழக்கம். ஒரு வேளைக்கு எடையின் கிலோவுக்கு 2,500, ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 10,000 என்பது உச்சவரம்பு. அதைத் தாண்டினால் பெருங்குடல் சுருங்கும் ஆபத்து. பாலில் கலந்தால் உறை கரைந்து மருந்து வீணாகும், வாயும் புண்ணாகும். வேகவைத்து ஆறிய ஆப்பிள் அல்லது பேரிக்காய் மசியல் அரை டீஸ்பூன் எடுத்து, மணிகளை நசுக்காமல் மேலே போட்டு, பால் தொடங்கும் முன் கொடுங்கள். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கும் இந்தத் துளி மசியல் பரவாயில்லை. தேன் கூடாது. முடிந்ததும் விரலால் ஈறைத் துழாவிப் பாருங்கள். தங்கிய மணி ஈறைப் புண்ணாக்கும், தாயின் மார்க்காம்பையும் அரிக்கும். டயபர் பகுதியில் துத்தநாகக் களிம்பு தடவிவையுங்கள். மலம் எண்ணெய் மிதக்க, கடும் நாற்றத்தோடு போய், எவ்வளவு குடித்தும் எடை ஏறாவிட்டால் அளவு போதவில்லை என்று மருத்துவரிடம் சொல்லலாம். மருந்து 25 டிகிரிக்குக் கீழ் இருக்க வேண்டும், அது மலையில் இலவசம். ஈரம்தான் இங்கும் தொல்லை. டப்பியை உடனே இறுக மூடுங்கள், உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பையை எறிந்துவிடாதீர்கள்.

உப்பு பற்றி: ஒரு வயதுக்குள் உப்பே வேண்டாம் என்று செவிலியர் சொல்வது மற்றக் குழந்தைகளுக்கு. இந்த நோயில் ஆறு மாதம் வரை நாளுக்கு அரைக்கால் டீஸ்பூன், பிறகு ஒரு வயது வரை கால் டீஸ்பூன் என்பது வழக்கமான அளவு. கொதித்து ஆறிய நீரில் கரைத்து, நாள் முழுதும் பாலோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். மொத்தமாகக் கொடுத்தால் வாந்திதான். குளிர் ஊர் என்பதால் விட்டுவிடாதீர்கள், மூன்று அடுக்குக் கம்பளிக்குள் குழந்தை நன்றாகவே வியர்க்கும். ஏப்ரலில் மேட்டுப்பாளையம் இறங்குகிற நாள்தான் மிகவும் கவனிக்க வேண்டியது. வழியில் பாதி மலையிலுள்ள பர்லியாறிலேயே ஸ்வெட்டரைக் கழற்றுங்கள், அன்றைக்குக் கூடுதல் உப்பு எவ்வளவு என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், கேப்ஸ்யூலை டாஷ்போர்டில் வைக்காதீர்கள். துவண்டு, பால் மறுத்து, சிறுநீர் குறைந்தால் உடம்பில் உப்பு குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் ஆக்ஸிமீட்டர் வாங்கினால் அதிலும் ஒரு திருத்தம் உண்டு. ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான், அதனால் எண் சமவெளியைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். நல்ல நாளில், விழித்திருக்கும்போதும் தூங்கும்போதும் என்ன காட்டுகிறது என்று எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த எண்ணிலிருந்து எவ்வளவு இறங்கினால் கிளம்ப வேண்டும் என்று அவர் சொல்வார். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள்: இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, இந்த அளவைத் தொட்டாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, வயிறு உப்பிப் பச்சை வாந்தி வந்தாலோ காத்திருக்கக் கூடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்சரிவில் குன்னூர்ப் பாதை அடைபடலாம். கிளம்பும் முன் கோத்தகிரிப் பாதை திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள், 108-ஐ அழைத்தால் ஆக்ஸிஜன் வேண்டும் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அந்த மூன்று மாதமும் வீட்டில் இரண்டு வாரத்துக்கான என்சைமும் உப்புநீர் மருந்தும், மின்சாரம் போனால் நெபுலைசர் ஓட ஒரு இன்வெர்ட்டரும் இருக்கட்டும்.