அம்மாவின் மெத்தைக்கு ஒரு டாப்பர்

ரப்பர் பூசிய தேங்காய் நார்ப் பலகைகள் இரண்டை அடுக்கி, கெட்டித் துணியில் உறை தைத்து, அம்மாவுக்காக நானே செய்த மெத்தை தரையைப் போல் கடினமாக அமைந்துவிட்டது. அம்மா ஒருக்களித்துப் படுப்பவர். தோளையும் இடுப்பையும் தடவிக்கொண்டே அவர் எழுந்ததைக் கண்டு மனம் மிகவும் வருந்தியது. அவர் படுத்திருக்கையில் இடுப்பு வளைவுக்குக் கீழே கையை நுழைத்துப் பார்த்தேன். தடையின்றி மறுபக்கம் போய்விட்டது. அதாவது, எடையில் பெரும்பகுதியைத் தோளும் இடுப்பெலும்பும்தான் தாங்கியிருக்கின்றன.

மெத்தையைப் பிரிக்காமல் மேலே ஒரு டாப்பர், அதாவது மெத்தைமேல் விரிக்கும் மென்மையான மெல்லிய அடுக்கு, போட முடிவு செய்தேன். மெமரி ஃபோம் என்ற நுரைப்பஞ்சு உடல் சூட்டில் இளகி வடிவத்துக்கு இணங்கிக் கொடுக்கும் என்றாலும், அந்தச் சூட்டைத் தேக்கிக்கொள்வதால் மதுரை வெயிலுக்கு ஒத்துவராது என்பது என் கருத்து. இலவம் பஞ்சுதான் எனக்குப் பிடித்தமானது. ஆனால் அது நாளடைவில் அமுங்கிக் கட்டிதட்டும், அடிக்கடி வெயிலில் காயவைத்துத் தட்ட வேண்டும், அதற்கு அம்மாவின் கைகளில் இப்போது வலுவில்லை. ஆகவே ரப்பர் பாலில் செய்த, துளைகளுள்ள இயற்கை லேடெக்ஸைத் தேர்ந்தெடுத்தேன். அழுத்தினால் அமுங்கி, கையை எடுத்தவுடன் எழும்பிவிடுகிறது. கனம் 2 அங்குலம். 1 அங்குலம் போட்டிருந்தால் அடியிலுள்ள கடினம் இடுப்பில் தெரிந்திருக்கும். பஞ்சைப் போல் இதை வெயிலில் போடக் கூடாது, பொடிந்துபோகும். நிழலில்தான் காற்றாட விட வேண்டும்.

நேற்றிரவு மறுபடியும் கையை நுழைத்துப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே விரல் நுழையவும் இடமில்லை.