ராக்கெட் மேனின் பாட்டன் பூட்டன்கள்

போன வாரம் அப்பாவின் அலமாரியைக் காலி செய்தபோது, சிங்கப்பூரின் கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடலின் 2011 மே மாதத்து ரேஸ் புத்தகம் ஒன்று கையில் சிக்கியது. கிரிஸ்ஃப்ளையர் ஸ்பிரின்ட் என்ற குறுந்தூரப் பந்தயத்தின் பக்கத்தில் ராக்கெட் மேன் என்ற குதிரையின் பெயரைச் சுற்றி நீலப் பேனாவில் ரெண்டு வட்டம், ரெண்டாவதை அழுத்திப் போட்டதில் தாளே கிழிந்திருந்தது. அழுத்தாமல் என்ன செய்வார் பாவம், 2009இலும் 2010இலும் இதே பந்தயத்தில் இந்தக் குதிரை ஹாங்காங் குதிரைகளிடம் தோற்று ரெண்டாவதாகத்தான் வந்தது. அந்த மார்ச்சில் துபாய் போய் கோல்டன் ஷாஹீன் பந்தயத்தை ஜெயித்துவிட்டுத் திரும்பியதும், மூன்றாம் தடவை இங்கேயும் ஜெயித்தது.

பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் "வைகவுண்ட் - மக்ரோசா" என்று இருந்தது. அப்பன் பெயர், அம்மா பெயர். அப்பா ஜாக்கி யார், எத்தனை கிலோ சுமக்கிறது, எந்த கேட் என்று பார்ப்பாரே தவிர இந்த வரியை ஒரு நாளும் படித்ததில்லை. நான் அன்று ராத்திரி அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன், எழுந்தபோது மணி ரெண்டு.

வைகவுண்ட் ஆஸ்திரேலியக் குதிரை. 2001 காக்ஸ் பிளேட் பந்தயத்தில் நார்தர்லி, சன்லைன் என்ற ரெண்டு குதிரைகளுக்கு நடுவே நசுங்கி மூன்றாவதாக வந்ததே, அதுதான். அந்த ரெண்டு குதிரைகள் மேலும் புகார் கொடுத்துப் பார்த்தார்கள், எடுபடவில்லை. அது 2040 மீட்டர் பந்தயம். வைகவுண்டின் அப்பன் குவெஸ்ட் ஃபார் ஃபேம், 1990இல் இங்கிலாந்தின் எப்சம் டெர்பி ஜெயித்தது. தாத்தா ரெயின்போ குவெஸ்ட், 1985இல் முதலில் வந்த சகாஸைத் தகுதிநீக்கம் செய்ததால் பிரான்ஸின் ஆர்க் கோப்பை கிடைத்த குதிரை. ரெண்டுமே சுமார் 2400 மீட்டர். நம்ம ஆளோ 1200 மீட்டர்க்காரன்! நிதானமாக ஓடி முடிக்கிற வம்சத்தில் இப்படி ஒரு வெடி எங்கிருந்து வந்தது?

விடாமல் மேலே போனேன். ரெயின்போ குவெஸ்டின் அப்பன் பிளஷிங் குரூம், அதன் அப்பன் ரெட் காட், அதன் அப்பன் நஸ்ருல்லா. நஸ்ருல்லா தெரிந்த பெயர்தான், அமெரிக்காவின் புகழ்பெற்ற குதிரை செக்ரெட்டேரியட்டின் தாத்தா. நஸ்ருல்லாவின் அம்மாவைப் பார்த்தால் மும்தாஜ் பேகம், அம்மாவின் அம்மா மும்தாஜ் மஹால். மூன்றாம் ஆகா கானின் சாம்பல் நிறக் குதிரை, 1921இல் பிறந்தது, குறுந்தூரத்தில் அந்தக் காலத்து இங்கிலாந்தையே அலற வைத்தது. ஆகா, கிடைத்துவிட்டது வேகம் என்று நாற்காலியிலேயே துள்ளினேன்.

அப்புறம் கணக்குப் போட்டேன். ராக்கெட் மேனிலிருந்து எண்ணினால் மும்தாஜ் மஹால் எட்டாவது தலைமுறை, அந்தத் தலைமுறையில் மட்டும் 256 இடம் இருக்கிறது, அதில் இந்தப் பாட்டிக்கு நான் பிடித்தது ஒன்று. ஒரு வாளி சம்பாரில் ஒரு மிளகாயைப் போட்டுவிட்டு, காரம் இதனால்தான் என்று சொல்கிற கதை. 2010இல் அயர்லாந்து ஆய்வாளர்கள் தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டாட்டின் மரபணுவில் ஒரு எழுத்து மாறுவதை வைத்தே, குதிரைக்குக் குறுந்தூரம் ஒத்துவருமா நெடுந்தூரமா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம் என்று காட்டினார்கள். ஆளுக்கொன்றாக அப்பனும் அம்மாவும் கொடுக்கிற எழுத்து அது. ஆனாலும் மனுஷ மனசு, பெயர் இருக்கிற பாட்டியைத்தானே தேடுகிறது.

மறுநாள் காலை தேக்காவில் தோசை சாப்பிடும்போது இத்தனையையும் அப்பாவிடம் ஒப்பித்தேன். தேநீரை ஆற்றிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரிடா, அப்பன் வழியாவே ஏறிப் போயிருக்கியே, பெத்தவளைப் பாத்தியா?"

பார்க்கவில்லை. மக்ரோசா என்ற பெயரைத் தாண்டி ஒரு கிளிக் கூடப் பண்ணவில்லை. பாதி ரத்தம் அவளுடையது, நான் 1921 வரைக்கும் போய்த் தேடிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொன்னார். ராக்கெட் மேன் காயடித்த குதிரை, அதனால் குட்டி கிடையாது. கிராஞ்சியும் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசி ஓட்டத்தோடு மூடியாகிவிட்டது. "இனிமே எதுக்குடா உனக்கு வம்சம்?" என்று சிரித்துவிட்டு, ரேஸ் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, கிழிந்த வட்டத்தை விரலால் நீவி, தன் பைக்குள் வைத்துக்கொண்டார். மக்ரோசாவின் அம்மா யாரென்று இன்றைக்குத் தேட வேண்டும்.